கொடுத்த கணக்கும் விளைந்த கணக்கும்

(ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பைத்துல்மால் பொறுப்பாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி அமர்வில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

பொதுப்பணி அமைப்புகளை நடத்துவோர் தங்கள் அமைப்பின் செயல்பாட்டை எவ்வாறு அளந்தறிவது என்பது இன்று நமக்குத் தரப்பட்டுள்ள தலைப்பாகும். வணிகம் செய்வோருக்கு இந்தக் கேள்வி பெரும் சிரமத்தைத் தருவதில்லை. ஆண்டு முடிவில் இலாபமா நட்டமா என்பதைக் கல்லாப் பெட்டியே சொல்லிவிடும். ஆனால் இலாபம் நோக்கமாக இல்லாத ஜமாஅத்துக்கும், அறக்கட்டளைக்கும், மதரஸாவுக்கும் அத்தகைய பெட்டி எதுவும் இல்லை. வரவும் செலவும் ஒரு பைசா பிசகாமல் சரியாக இருக்கலாம், தணிக்கையாளரும் கையொப்பமிடலாம். ஆயினும் அந்தப் பணம் எந்த வீட்டின் கண்ணீரைத் துடைக்கப் புறப்பட்டதோ, அந்தக் கண்ணீர் துடைக்கப்பட்டதா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்லும் இரண்டாவது கணக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றியே நாம் இன்று பேசவிருக்கிறோம்.

இரண்டு கணக்குகள்

முதலாவது, கொடுத்த கணக்கு. இத்தனை பேருக்கு உதவித்தொகை, இத்தனை தையல் இயந்திரங்கள், இத்தனை மாணவர்களுக்குப் புத்தகங்கள், இத்தனை மருத்துவ முகாம்கள் என்று எழுதுவது. பொதுவாக அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில் நாம் காண்பது இதுவே. இது அவசியமான கணக்கு. அமானிதத்தைக் காக்கும் வேலி.

இரண்டாவது, விளைந்த கணக்கு. உதவித்தொகை பெற்ற மாணவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? தையல் இயந்திரம் பெற்ற சகோதரிகளில் ஓராண்டுக்குப் பின்னும் எத்தனை பேர் அதில் தைத்து வருமானம் ஈட்டுகிறார்கள்? முகாமில் சர்க்கரை நோய் இருப்பதாக அறியப்பட்டவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து மருந்து உட்கொள்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கான விடையே விளைந்த கணக்கு.

அரபியில் 'அஸர்' என்றொரு சொல் உண்டு. மாலையில் நாம் தொழும் அஸர் தொழுகையின் பெயர் வேறு. அதன் எழுத்துகளும் வேறு. நாம் குறிப்பிடும் சொல்லுக்குச் சுவடு, அடையாளம், பின்விளைவு என்று பொருள். யாஸீன் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் அதன் பன்மையாகிய 'ஆஸார்' என்னும் சொல் வருகிறது. மனிதர்கள் முற்படுத்தி அனுப்பிய செயல்களும், அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளும் ஆகிய இரண்டுமே பதிவு செய்யப்படுகின்றன என்பது அந்த வசனத்தின் கருத்து. செய்தது ஒன்று, செய்ததால் பின்னால் நின்றது மற்றொன்று. பதிவேட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கும்போது, நமது பதிவேடுகளில் மட்டும் ஒன்றுக்குத்தான் இடம் என்பது பொருந்தாது.

நம் முன்னோர் பார்த்த கணக்கு

'அளவிடுதல்' என்றதும் இது மேலை நாட்டு நிர்வாகக் கல்லூரிகளிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதக்கூடும். முறைகளில் சில அங்கிருந்து வந்தவைதாம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவித் துறைக்காக, ஒரு திட்டத்தின் நோக்கத்தையும் அதை அறியும் அடையாளங்களையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதும் முறை வகுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டில் அந்நாட்டின் 'யுனைடெட் வே' என்னும் நிதி திரட்டும் அமைப்பு, தன்னிடம் உதவி பெறும் தொண்டு நிறுவனங்கள் விளைவை அளப்பதற்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டது. ஆனால் அளக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று.

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள் என்பது புகாரியில் இடம்பெறும் செய்தி. தமக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் ஒதுக்கி வைத்ததை அவர்கள் ஏற்கவில்லை. பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். இது முதல் கணக்கு.

இரண்டாவது கணக்குக்கும் ஒரு செய்தி உண்டு. அபூ உபைத் (ரஹ்) அவர்களின் 'கிதாபுல் அம்வால்' என்னும் நூலில் அது பதிவாகியுள்ளது. யமனில் பொறுப்பிலிருந்த முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள், அங்கு திரண்ட ஜகாத்தில் மூன்றில் ஒரு பகுதியை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதைக் கண்டு மகிழவில்லை, ஆட்சேபித்தார்கள். அவ்வூர்ச் செல்வர்களிடம் பெற்று அவ்வூர் ஏழைகளுக்கே கொடுப்பதற்காகத்தானே அவரை அனுப்பினோம் என்பது கலீஃபாவின் நிலை. பெற்றுக்கொள்ள ஆள் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்று முஆத் (ரலி) விடையளித்தார்கள். அடுத்த ஆண்டு பாதியும், அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்ததாக அந்தச் செய்தி கூறுகிறது.

பெரியோர்களே! உமர் (ரலி) அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வந்து சேர்ந்த தொகையின் பெருமை அவர்களுக்குப் போதவில்லை. 'அங்குள்ள ஏழைகளின் நிலை என்ன?' என்பதே அவர்களின் கேள்வி. ஜகாத்தை வாங்குவதற்கு ஆள் குறைந்து வருவதே அந்த நிர்வாகத்தின் வெற்றிக்கு அடையாளமாக அங்கே அமைந்தது. ஆண்டுதோறும் உதவி பெறுவோர் எண்ணிக்கை கூடுகிறது என்று மகிழ்ந்து எழுதும் அறிக்கைகளை இந்தச் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

வங்கதேசத்தில் நடந்தது

நம் காலத்தில் இந்த இரண்டாவது கணக்கைப் பிடிவாதமாகக் கேட்ட ஓர் அமைப்பின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். வங்கதேசத்தின் 'பிராக்' அமைப்பை 1972ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஃபஸ்லே ஹசன் ஆபித். 1936இல் பிறந்து 2019இல் மறைந்த அவர், இலண்டனில் கணக்கியல் படித்தவர். சிட்டகாங்கில் எண்ணெய் நிறுவனமொன்றில் உயர்பதவியில் இருந்தவர். போருக்குப் பின் ஊர் திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் பணியில், சில்ஹெட் பகுதியின் சுல்லா என்னும் ஊரில் அவ்வமைப்பு தொடங்கியது. 1975ஆம் ஆண்டிலேயே, தன் பணிகளைத் தானே ஆராய்ந்து குறை சொல்வதற்கென்று அது தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. அவ்வமைப்பின் கடன் திட்டங்களில் உள்ள வட்டியை நாம் ஏற்கவில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்கள் தம் பணியை அளந்த விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அக்காலத்தில் அந்நாட்டுக் குழந்தைகளின் உயிரைப் பறித்த முதன்மையான நோய்களுள் ஒன்று வயிற்றுப்போக்கு. உடலில் நீர் வற்றிப் போவதே மரணத்துக்குக் காரணம். அதற்குரிய மருந்து வீட்டிலேயே இருந்தது. மூன்று விரல் நுனியால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கலக்கிக் கொடுத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இதை ஒவ்வொரு வீட்டுத் தாய்க்கும் நேரில் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்து, 1980ஆம் ஆண்டில் பெண் ஊழியர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பணி சென்று சேர்ந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 'இத்தனை வீடுகளுக்குச் சென்றோம்' என்ற எண்ணிக்கையைக் கொண்டு ஊழியருக்கு ஊதியம் கொடுத்திருந்தால், வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. கற்றுக்கொடுத்த ஊழியரைச் சாராத வேறொரு குழு சில வாரங்கள் கழித்து ஊருக்குச் செல்லும். சீட்டுக் குலுக்கியது போல் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்கும். கரைசலைச் செய்து காட்டச் சொல்லும். அதன் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். உப்பு மிகுந்தால் பிள்ளைக்கு ஆபத்து என்பதால் இது அவசியமாயிற்று. தாய் கற்றுக்கொண்ட அளவுக்குத் தரம் பிரித்து, அந்தத் தரத்துக்கேற்ப ஊழியருக்கு ஊதியம் தரப்பட்டது.

தாய்மார்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது இந்தக் கரைசலை உண்மையாகவே கொடுத்தீர்களா? விடை ஏமாற்றமளித்தது. மனப்பாடமாகச் சொன்ன தாய்மார்களில் மிகச் சிலரே அதைக் கொடுத்திருந்தார்கள். காரணத்தைத் தேடினார்கள். கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. தங்களுக்கு நோய் வந்தால் மாத்திரை தேடினார்கள் என்பது தெரிய வந்தது. மேலும் வீட்டு ஆண்களுக்கு இது பற்றி எவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதன்பின் அந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஊழியர்களுக்கு விளக்கி, அவர்களை நம்பச் செய்தார்கள். சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். நிலைமை மாறியது. வயிற்றுப்போக்குக்கு இத்தகைய கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் உலக நாடுகளுள் ஒன்றாக இன்று வங்கதேசம் விளங்குகிறது.

சிந்தித்துப் பாருங்கள்! 'எத்தனை வீடு' என்பதோடு நின்றிருந்தால் அது ஒரு வெற்றி அறிக்கை. 'எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது' என்பதோடு நின்றிருந்தாலும் வெற்றி அறிக்கைதான். மூன்றாவது கேள்வியைக் கேட்டதால்தான் தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் திருத்த முடிந்தது. திருத்தியதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். அளவிடுதலின் பயன் இதுவே.

நம் நாட்டில் ஒரு சான்று

1995ஆம் ஆண்டில் மும்பையில் தோன்றிய 'பிரதம்' என்னும் கல்வி அமைப்பு, 2005ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கிராமப்புறங்களில் ஓர் ஆய்வை நடத்தி வருகிறது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் பெயர் பதிந்துள்ளனர் என்ற கணக்கு அரசிடம் இருந்தது. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை இவர்கள் கேட்டார்கள். உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புக்குரிய ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக்குரிய ஒரு கதை ஆகியவை இருக்கும். பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. பெயர் பதிவு தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருந்த நாட்டில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க இயலவில்லை என்பது பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வெளிப்பட்டது.

அந்த ஆய்வின் பெயர் 'அஸர்'. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அமைந்தது அது. உருதுவிலும் இந்தியிலும் அச்சொல்லுக்கு 'விளைவு' என்று பொருள். நாம் முன்னர் சொன்ன அரபுச் சொல்லே அங்கே சென்று வழங்குகிறது. இதற்குப் பெரிய கருவிகள் எவையும் தேவைப்படவில்லை. ஒரு தாளும், வீட்டு வாசலை மிதிக்கும் மனமும் போதுமாக இருந்தன.

நான்கு கேள்விகள்

நிர்வாகத்துக்குப் புதிதாக வருவோர் முதலில் கற்க வேண்டியது நான்கு கேள்விகளே. பணி ஒவ்வொன்றையும் தொடங்கும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: யாருடைய எந்த நிலை மாற வேண்டும்? 'ஏழைகளுக்கு உதவுதல்' என்று எழுதினால் அதை எவராலும் அளக்க இயலாது. 'கந்துவட்டியில் சிக்கிய குடும்பம் அதிலிருந்து மீண்டு, மறுபடியும் அதில் விழாதிருத்தல்' என்று எழுதினால் அளக்கலாம்.

இரண்டாம் கேள்வி: மாறியதை எந்த அடையாளத்தால் அறிவோம்? கர்ழன் ஹஸனா கொடுக்கும்போது அக்குடும்பத்துக்கு வெளியே எவ்வளவு கடன் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டால்தான், ஓராண்டு கழித்து அது குறைந்ததா என்று சொல்ல முடியும். தொடக்க நிலை எழுதப்படாத பணியில் முன்னேற்றத்தைப் பற்றி வெறும் அபிப்பிராயமே மிஞ்சும். மக்தபில் வருகைப் பதிவு மட்டும் போதாது. குர்ஆனில் முன்பு ஓதாத ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தால் பிள்ளை தானாக ஓதுகிறதா, கேள்வி ஞானத்தால் ஒப்பிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எப்போது, யார் சென்று பார்ப்பது? பணி செய்தவரே பயனையும் அளந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் கண் தனக்கு வேண்டியதையே காணும். ஆகவே ஓதிக்கொடுத்த உஸ்தாதைத் தவிர்த்து இன்னொரு உஸ்தாத் கேட்கட்டும்; உதவி வழங்கியவரைத் தவிர்த்து இன்னொருவர் விசாரிக்கட்டும். எல்லா வீடுகளுக்கும் போகத் தேவையில்லை. நாற்பது வீடுகளுக்கு உதவியிருந்தால், சீட்டுக் குலுக்கிப் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு நிலை புலப்படும். நமக்கு வேண்டிய பத்து வீடுகளை நாமே தேர்ந்தெடுத்தால் அது விசாரணையாகாது.

நான்காம் கேள்வி: கண்டதைக் கொண்டு எதை மாற்றுவோம்? பத்துத் தையல் இயந்திரங்களில் ஆறு மூலையில் கிடக்கின்றன என்று தெரிந்தால் என்ன செய்வது? பயிற்சி போதவில்லையா, துணி தைக்கக் கொடுப்பார் இல்லையா, அல்லது அச்சகோதரிக்குத் தேவைப்பட்டது இயந்திரமன்றி வேறொன்றா என்று ஆராய வேண்டும். மாற்றத்துக்கு வழி வகுக்காத கணக்கெடுப்பு பெற்றவரைத் துன்புறுத்துவதில்தான் போய் முடியும்.

எச்சரிக்கைகள்

இதில் சில ஆபத்துகளும் உள்ளன. எண்ணிக்கையைத் துரத்தத் தொடங்கினால், எளிதில் வெற்றி காட்டக்கூடியவர்களுக்கே உதவும் எண்ணம் வந்துவிடும். தேறிவிடக்கூடிய மாணவனுக்கு உதவித்தொகை. தடுமாறும் மாணவனுக்கு இல்லை. பிழைக்கத் தெரிந்தவனுக்குக் கடன். படுக்கையில் கிடப்பவனுக்கு இல்லை. முதியவருக்கும், தீராத நோயாளிக்கும் கொடுப்பதில் 'சொந்தக் காலில் நின்றாரா' என்ற அளவுகோலை நீட்டலாகாது. வேளைக்கு உணவும் மருந்தும் தவறாமல் சேர்ந்ததா என்பதே அங்கு அளவுகோல்.

அடுத்து, பெற்றவரின் மானம். விசாரிக்கச் செல்பவர் அதிகாரியைப் போல் செல்லாமல் உறவினரைப் போல் செல்ல வேண்டும். பெயரும் புகைப்படமும் அறிக்கையில் வரக்கூடாது. எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மூன்றாவது, பெருமை. ஒரு குடும்பம் நிமிர்ந்தது நமது உதவியால் மட்டும்தான் என்று எழுதிவிட முடியாது. அவ்வீட்டு மகன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்றது காரணமாக இருக்கலாம்; அந்தத் தாயின் உழைப்பு காரணமாக இருக்கலாம். நாம் கண்டதை மட்டும் எழுதுவோம். அதில் நமது பங்கு எவ்வளவு என்பதை அடக்கத்தோடு சொல்வோம்.

'அல்லாஹ்வுக்காகச் செய்வதை அளக்கலாமா?' என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இக்லாஸை எந்தத் தராசும் நிறுக்காது. கொடுத்தவரின் நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் கொடுத்தவர் அதை நேரடியாக ஏழையின் கையில் வைக்கவில்லை. இடையில் நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறார். அவருடைய கூலி உறுதியாகிவிட்டது என்பதால் நமது பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அது சென்று சேர வேண்டிய பயனைச் சேர்ந்ததா என்று பார்ப்பது இடையில் நிற்கும் நம்முடைய கடமை.

தொடங்கும் வழி

அனைத்தையும் ஒரே ஆண்டில் அளக்க முற்பட்டால் ஆறு மாதத்தில் சலிப்பு வந்துவிடும். எனவே இந்த ஆண்டு பைத்துல்மாலில் ஒரு பணி, மக்தபில் ஒரு பணி என்று இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் இன்று இங்கேயே எழுதி முடிப்போம். ஆறு மாதம் கழித்து ஒருமுறை, ஆண்டு நிறைவில் ஒருமுறை பார்ப்போம். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு, செலவு என்னும் பத்திகளுக்கு அருகில் 'விளைவு' என்று ஒரு பத்தி இடம்பெறட்டும். அதில் நல்லதும் வரட்டும், குறையும் வரட்டும். குறையை எழுதினால் சந்தா குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தாங்கள் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று உண்மையாகச் சொல்லும் நிர்வாகத்தை மக்கள் நம்பவே செய்வார்கள்.

ஜமாஅத்தார்களாகிய உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்தில் 'எவ்வளவு வசூல், எவ்வளவு இருப்பு' என்று கேட்பதோடு, 'யார் நிமிர்ந்தார், யார் இன்னும் நிமிரவில்லை, ஏன்' என்றும் கேளுங்கள். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதையே நிர்வாகிகளும் கவனிக்கத் தொடங்குவார்கள்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை உரியவர்களிடம் உரிய பயனோடு சேர்க்கும் ஆற்றலையும், குறை கண்டபோது மறைக்காமல் திருத்திக்கொள்ளும் மனத்தையும், நமக்குப் பின்னும் நிலைக்கும் நல்ல சுவடுகளை விட்டுச் செல்லும் பாக்கியத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.